உப்புக் காற்றில் ஒரு சக்கர வீடு

சக்கரங்களின் மேல் ஒரு சிறு வீட்டை அமைத்து, அதிலேயே உறங்கி, சமைத்து, ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் மேலை நாடுகளுக்கே உரியதென்று கருதப்பட்டாலும், மன்னார்க் கரைக்கு அது முற்றிலும் அந்நியமானதன்று. மடு மாதாவின் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் செல்லும் குடும்பங்கள் முற்காலத்தில் மாட்டுவண்டிகளிலும், பின்னர் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லொறிகளிலும் அரிசி, பாத்திரம், பாய் சகிதம் புறப்பட்டு, காட்டு மரங்களின் கீழ் நாட்கணக்கில் கூடாரமடித்துத் தங்கி வந்துள்ளன. வண்டியே வாகனமாகவும் களஞ்சியமாகவும் இரவில் குழந்தைகளின் படுக்கையாகவும் பயன்பட்டிருக்கிறது. இன்று அதே தேவையையும், விடுமுறைப் பயணம் என்ற புதிய விருப்பத்தையும் நிறைவேற்றும் வாகனமாக ‘காம்பர் வான்’ இலங்கையிலும் தோன்றத் தொடங்கியுள்ளது. படுக்கை, சிறு சமையல் மேடை, நீர்த்தாங்கி, தனி மின்சாரம் ஆகியவற்றைக் கொண்ட இவ்வகை வாகனத்தைத் தமிழ்நாட்டு வாசகர்கள் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ‘கேரவன்’ என்ற பெயரில் அறிந்திருப்பர். தலைமன்னாரின் காற்றை நாடிப் பட்டமிழுக்கும் அலைப்பலகையுடன் வரும் உல்லாசப் பயணிகளும், ஐரோப்பாவிலும் கனடாவிலும் இத்தகைய வாகனங்களைக் கண்டு பழகிய பின் ஊருக்கு வரும் புலம்பெயர்ந்தோரும் இந்த ஆர்வத்தை வளர்ப்பவர்களில் அடங்குவர்.

தொழிற்சாலையிலேயே வீடாகக் கட்டப்பட்ட வாகனங்கள் இலங்கையில் அரிது. பெரும்பாலானவை ஜப்பானில் பயணிகளையோ சரக்கையோ ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டு, பல ஆண்டுகள் ஓடிய பின் உள்ளூரில் மாற்றியமைக்கப்பட்ட வான்கள். ஆகவே அத்தகைய ஒன்றை வாங்குபவர் உண்மையில் இரண்டு பொருள்களை ஒரே விலையில் வாங்குகிறார்: தேய்மானத்துக்கு உள்ளான ஒரு வாகனம் ஒன்று, முன்பின் அறியாத ஒருவரின் கைவேலையால் உருவான ஒரு வீடு மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே பரிசோதிக்காமல், வாங்கிய மறுவாரமே மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் அலங்கார விளக்குக்கும் பணம் செலவிடுவது வழக்கமாகக் காணப்படும் போக்கு. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் செய்யப்படும் இந்தச் செலவு, பின்னர் தரைத் தகட்டைப் பற்றவைக்க வேண்டிய நாளில் முழுவதுமாகப் பிரித்தெறியப்படுகிறது. பரிசோதனை முதலில், பழுதுபார்ப்பு அடுத்து, மேம்பாடு அதன் பின்னர் என்ற வரிசை எங்கும் பொருந்துவதுதான் என்றாலும், மன்னார் போன்ற கரையில் அதை மாற்றிச் செய்பவர் கொடுக்கும் விலை மிகப் பெரிது.

பழைய வான்களே ஏன் கைமாறுகின்றன என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் விடை உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரி 1 அன்றுதான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்குள் இருந்த வான்களே மீண்டும் மீண்டும் விற்கப்பட்டன. பத்தாண்டு ஓடிய வாகனம் முதலில் வாங்கப்பட்ட தொகையிலும் கூடிய தொகைக்கு விலைபோனது. வீதியில் ‘டொல்பின்’ என்று அழைக்கப்படும் பழைய டொயோட்டா ஹையேஸும், 2004 இல் அறிமுகமாகிப் பின்னர் ‘கே.டி.எச்’ என்ற மாதிரிக் குறியீட்டாலேயே அறியப்படும் அதன் அடுத்த தலைமுறையும், நிசான் கரவனும் இச்சந்தையின் முதன்மைப் பொருள்கள். விலை ஏறிய சந்தையில் குறைகளை மறைப்பதும் இலாபம் தரும் தொழிலாகிவிடுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜப்பானிலிருந்து அண்மையில் வந்த வாகனமாயின், வாங்குபவர் கேட்டுப் பெறவேண்டிய முதல் ஆவணம் ஏலத்தாள். ஜப்பானிய ஏலக் களங்களில் ஒவ்வொரு வாகனத்தையும் விற்பனையில் பங்கில்லாத ஒரு பரிசோதகர் பார்வையிட்டு, மொத்தத் தரத்தை 3, 3.5, 4, 4.5 என்பன போன்ற எண்களாலும், விபத்துக்குப் பின் திருத்தப்பட்டதை ‘ஆர்’ என்ற எழுத்தாலும் குறிப்பார். வாகனத்தின் வரைபடத்தில் ‘ஏ’ கீறலையும், ‘யூ’ நெளிவையும், ‘டபிள்யூ’ முன்பு திருத்தப்பட்ட அடையாளத்தையும், ‘எஸ்’ துருவையும், ‘சீ’ அரிப்பையும் காட்டும். மன்னாருக்கு வரவிருக்கும் வாகனத்தைப் பொறுத்தவரை கீறல்களும் நெளிவுகளும் பொருட்படுத்தத் தக்கவையல்ல. கடைசி இரு எழுத்துகளும் எங்கே, எத்தனை இடங்களில் உள்ளன என்பதே கவனத்துக்குரியது. ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் வீதிகளில் பனியை உருக்க உப்புத் தூவப்படுவதால், அங்கு ஓடிய வாகனம் தன் முதல் உப்பை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்திருக்கும்.

உப்பு உலோகத்தை அரிக்கும் விதம் சற்று விரிவாக விளங்கிக்கொள்ளத் தக்கது. இரும்பு துருப்பிடிப்பதற்கு ஒட்சிசனும் நீரும் போதும். உப்பு செய்யும் வேலை, அந்த நீரை மின்னைக் கடத்தும் திரவமாக்கி அரிப்பை விரைவுபடுத்துவதும், உலோகத்தின் மேல் இயல்பாக உருவாகும் காப்புப் படலத்தைக் குளோரைட்டு அயன்களால் துளைப்பதும் ஆகும். இதைவிட முக்கியமான பண்பு உப்பின் ஈரமீர்க்கும் தன்மை. சாதாரண உப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டோ 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே அவ்வாறு செய்யும். மழையில்லாத மாதங்களில் வாகனம் உலர்ந்து கிடப்பதாகத் தோன்றினாலும், அதன் அடிப்பகுதியில் படிந்த உப்பு இரவுதோறும் நனைந்து, பகலில் அரைகுறையாகக் காய்ந்து, மறுநாள் இரவு மீண்டும் நனைகிறது. மன்னார்த் தீவின் குறுகிய நிலப்பரப்பில் எந்த இடமும் கடலுக்குத் தொலைவில் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்கள் முழுவதும் அலைத்துளிகளை ஏந்திய காற்று தீவைக் குறுக்கே கடந்து செல்கிறது. 30 காற்றாலைகளைக் கொண்ட 103.5 மெகாவாற் ‘தம்பபவனி’ மின்நிலையத்தை 2020 டிசம்பரில் இத்தீவில் நிறுவக் காரணமாயிருந்த அதே காற்றுதான் வானின் கதவிடுக்குகளிலும் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வளிமண்டல அரிப்பை ‘சீ 1’ முதல் ‘சீ 5’ வரையும், அதற்கும் மேலாக ‘சீ எக்ஸ்’ என்றும் வகுக்கும் ஐ.எஸ்.ஓ 9223 என்ற சர்வதேச நியமத்தில், வெப்பமண்டலக் கடலோரங்கள் மேல்வகுப்புகளுக்கு உரியவை.

ஹையேஸ் போன்ற வான்களில் இதன் விளைவு பாரதூரமானது. லொறியில் உறுதியான சட்டகம் ஒன்று தனியாக அமைந்து, அதன்மேல் உடற்பகுதி பூட்டப்படுவதால், உடற்பகுதி பழுதானால் அதைக் கழற்றி மாற்றிவிடலாம். வானிலோ தரைத் தகடும், அதனடியில் பற்றவைக்கப்பட்ட நீள், குறுக்குச் சட்டங்களும், கதவுகளின் கீழ் ஓடும் பெட்டி வடிவ விளிம்புகளும் ஒன்றுசேர்ந்தே வாகனத்தின் எலும்புக்கூடாக அமைகின்றன. துரு பிடித்தது தோல் அல்ல, எலும்பு. ஆகவே அடிப்பகுதியைப் பார்க்காமல் செய்யப்படும் எந்தப் பரிசோதனையும் பரிசோதனை ஆகாது.

தேர்ந்த பரிசோதகர் வானைக் குழியின் மேல் நிறுத்தி அல்லது தூக்கியில் உயர்த்தி, முதலில் பார்வையைப் பெரிதாக நம்பாமல் கையால் தட்டிப் பார்க்கிறார். ஆணித்திருகியின் கைப்பிடியால் கதவு விளிம்பை ஒரு சாண் இடைவெளியில் தட்டிச் செல்லும்போது, நல்ல தகடு கணீரென்ற ஒலியையும், உள்ளே அரிக்கப்பட்டதோ பட்டி பூசி நிரப்பப்பட்டதோ ஆன இடம் அடைத்த ஒலியையும் தரும். ஒலி மாறிய இடத்தில் திருகியின் முனையைச் சற்று அழுத்தினால், கறுப்புக் கீல் பூச்சு உடைந்து, அதன் பின்னிருந்து பழுப்புத் தூள் அடுக்கடுக்காக உதிரும். விற்பனைக்கு முன் புதிதாகப் பூசப்பட்ட பளபளப்பான கறுப்புப் பூச்சு, அனுபவமுள்ள கண்ணுக்கு நற்சான்றாக அல்ல, எச்சரிக்கையாகவே படும். மேற்புறத்தில் இதே வேலையைப் பெயின்றின் தடிப்பை அளக்கும் சிறு மானி செய்கிறது: தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் அளவில் இருக்க, ஒரு கதவு மட்டும் 300, 400 எனக் காட்டுமாயின் அங்கே டிங்கர் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். சக்கர வளைவுகளின் உட்புறம், பின் வில்தகடுகள் பூட்டப்பட்ட இடங்கள், பிரேக் எண்ணெய் செல்லும் உருக்குக் குழாய்கள், எரிபொருள் தாங்கியின் மேற்புறம், முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு ஆகியவை தவறாமல் பார்க்கப்படவேண்டியவை. பிரேக் குழாயில் துருவின் பொருக்கு எழுந்திருந்தால், மற்ற எல்லா வேலைகளும் அதன் பின்னரே.

இயந்திரத்தின் பரிசோதனை இலங்கையில் ஓரளவு பழக்கப்பட்டது என்பதால் இங்கே நீட்டத் தேவையில்லை. குளிர்ந்த நிலையில் முதல் இயக்கம், புகையின் நிறம், எண்ணெய் மூடியைத் திறந்தால் எழும் அழுத்தம், ஸ்கேனரில் தெரியும் பழுதுக் குறியீடுகள் ஆகியவற்றை எந்த நல்ல கராஜிலும் பார்த்துவிடுவர். ஹையேஸில் எஞ்சின் முன் இருக்கைகளின் கீழே அமைந்திருப்பதை மட்டும் வீட்டை எண்ணி வாங்குபவர் மறந்துவிடலாகாது. எஞ்சின் மேல் உள்ள மூடியின் றபர் ஓரம் தேய்ந்திருந்தால் வெப்பமும் புகையும் உறங்கும் அறைக்குள்ளேயே நுழையும்.

அரிப்பைத் தடுப்பதற்குக் கூறப்படும் எளிய வழி, வாகனத்தின் அடிப்பகுதியை நன்னீரால் அடிக்கடி கழுவுவது. தள்ளாடியிலிருந்து இருபுறமும் கடல் சூழ்ந்த தாம்போதி வழியாகத் தீவுக்குள் வந்துபோகும் வாகனத்துக்கு இந்த அறிவுரை மிகப் பொருத்தமானதே. சிக்கல், அந்த நன்னீர் எங்கே என்பதுதான். தீவிலும் கரையோரக் கிராமங்களிலும் கிணற்று நீர் பல இடங்களில் உவர்த்தன்மை கொண்டது; அந்த நீரால் கழுவி வெயிலில் காயவிடுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகவே முடியும். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், பேனா அளவிலான மலிவான மானி ஒன்றைச் சேர்விஸ் நிலையத்தின் குழாயடியில் பிடித்துப் பார்ப்பது, ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் பூசும் காப்புப் பூச்சுக்கு நிகரான பலனைத் தரக்கூடும். காப்புப் பூச்சைப் பொறுத்தவரை, காய்ந்து கடினமாகும் கீல் வகை வெடித்தால் அதன் பின்னே உப்புநீர் சிறைப்பட்டுவிடுகிறது. மெழுகும் எண்ணெயும் கலந்த, காயாமல் ஊர்ந்து பரவும் வகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாயினும் கடற்கரைக்கு அதுவே உகந்தது. பெட்டி விளிம்புகளின் உட்புறத்துக்கு நீண்ட குழாய்மூக்கால் அதைச் செலுத்தவேண்டும், அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடக் கூடாது.

இப்பரிசோதனையைச் செய்பவர் யார் என்பதே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. பிரித்தானியாவில் இத்தகைய வாகனங்களின் வாழும் பகுதியை மட்டும் தனியே சோதிக்கும் ஆண்டுப் பரிசோதனையும், அதைச் செய்ய அங்கீகரிக்கப்பட்ட வேலைத்தலங்களின் திட்டமும் உள்ளன. அமெரிக்காவில் இதற்கெனப் பயிற்சிபெற்ற பரிசோதகர்களின் தேசியச் சங்கம் ஒன்று இயங்குகிறது. ஜெர்மனியில் வாகனத்தின் எரிவாயு அமைப்புக்கு மட்டும் ‘ஜீ 607’ என்ற தனிச் சோதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. இந்தியாவில் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ் 124 என்ற தொழில்நுட்ப நியமம் உண்டு. கேரளம் 2021 இல் ‘கேரவன் கேரளா’ என்ற சுற்றுலாத் திட்டத்தையும் அறிவித்தது. மன்னாரில் இத்தகைய ஒரு தொழில் இன்னும் உருவாகவில்லை. எனினும் அந்த நாடுகளின் நடைமுறையில் இங்கே கடன்வாங்கக்கூடிய நெறி ஒன்று உண்டு: குறையைக் கண்டுபிடிப்பவரும் குறையைத் திருத்துபவரும் ஒருவராயிருத்தல் கூடாது. திருத்தும் வேலையால் சம்பாதிப்பவர் இல்லாத குறையையும் காணலாம். விற்பவருக்கோ இடைத்தரகருக்கோ வேண்டியவர் இருக்கும் குறையையும் காணாமல் விடலாம். பரிசோதனைக்கு மட்டும் கூலி கொடுத்து, ‘திருத்தும் வேலை இந்தக் கராஜுக்கு வராது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது சங்கடமாகத் தோன்றினாலும், கிடைக்கும் விடையின் நேர்மையை அதுவே தீர்மானிக்கிறது. ஊரில் நன்மதிப்புப் பெற்ற, ‘பாஸ்’ எனப்படும் தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் வாய்ச்சொல் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது கடதாசியில் இராவிட்டால், மூன்று மாதம் கழித்து எவருக்கும் எதையும் நிரூபிக்காது. படங்களுடன் கூடிய இரண்டு பக்க அறிக்கையைக் கேட்பது பாஸை அவமதிப்பதாகாது.

சிறப்புப் பரிசோதகர் இல்லாத குறையை, கரையோரத் தொழில்கள் தந்துள்ள கைத்திறன் பெருமளவு ஈடுசெய்கிறது என்பது கவனிக்கத் தக்கது. வானின் கூரையை உயர்த்திப் பூட்டப்பட்ட பைபர் மூடியையும், அதன் இணைப்பையும், அதில் வெட்டப்பட்ட காற்றோட்டத் துளையையும் மதிப்பிடுவதற்கு, வாகன டிங்கரை விடப் பேசாலையிலோ வங்காலையிலோ தாழ்வுபாட்டிலோ பைபர் படகுகளைப் பழுதுபார்ப்பவர் தகுதியானவர். ரெசினும் ஹார்டனரும் எந்த விகிதத்தில் சேரவேண்டும், கண்ணாடியிழை விரிப்பு எத்தனை அடுக்கு வேண்டும், மேற்பூச்சின் மயிரிழை வெடிப்பு வெறும் தோற்றக் குறையா அல்லது அடுக்குகள் பிரியத் தொடங்கியதன் அறிகுறியா என்பன அவர் நாளாந்தம் கையாளும் கேள்விகள். படகுக்காரர் வைத்திருக்கும் மற்றொரு அறிவு உலோகங்களைப் பற்றியது. சமையலறைப் பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகைத் துருவேறா உருக்கு கடற்கரையில் சில மாதங்களில் பழுப்புப் புள்ளிகளைக் காட்டத் தொடங்கும், மொலிப்டினம் கலந்த 316 வகையே தாக்குப்பிடிக்கும். அலுமினியத் தகட்டை உருக்குத் திருகாணியால் நேரடியாகப் பூட்டினால், உப்புநீர் இரண்டுக்கும் இடையே ஒரு மின்கலத்தையே உருவாக்கி அலுமினியத்தை அரித்துவிடும். நகர மாற்றியமைப்பாளர்கள் செய்த பல வான்களில் இவ்விரு தவறுகளும் காணப்படுகின்றன. அவர்கள் கடற்கரையை எண்ணிக் கட்டவில்லை.

வாழும் பகுதியின் பரிசோதனை ஈரத்திலிருந்து தொடங்குகிறது. சுவர்ப் பலகைகளில் இரு ஊசிகளைப் பதித்து ஈரத்தை விழுக்காட்டில் காட்டும் மானியைப் பிரித்தானியப் பரிசோதகர்கள் பயன்படுத்துகின்றனர். 15 வரை இயல்பு, 15 முதல் 20 வரை கண்காணிப்பு, 20க்கு மேல் ஆய்வு, 30ஐத் தாண்டினால் கட்டமைப்புச் சேதம் என்பது அவர்கள் கொள்ளும் பொதுவான அளவுகோல். இந்த எண்களை மன்னாருக்கு அப்படியே கொண்டுவருவது பிழையாகும். 80 விழுக்காட்டு ஈரப்பதமுள்ள காற்றில் எந்தக் கசிவும் இல்லாத மரமே 15, 16 எனக் காட்டும். எனவே ஒரே வாகனத்தின் வெவ்வேறு இடங்களின் அளவுகளைத் தம்முள் ஒப்பிட்டு, மற்ற இடங்களிலிருந்து விலகித் தெரியும் இடத்தைத் தேடுவதே சரியான முறை. யன்னல்களின் கீழ் மூலைகள், கூரைத் துளைகளின் சுற்று, பின்கதவின் மேல் ஓரம் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்வதால், சித்திரையில் வாங்கப்பட்ட வானின் கசிவு ஆறு மாதம் மறைந்திருக்கும். குழாயால் கூரையின் மீது நீண்ட நேரம் நீர் பாய்ச்சி, உள்ளே ஒருவர் கைவிளக்குடன் காத்திருக்கும் சோதனையைத் தவிர்க்க முடியாது. வெப்பக் காப்புக்காகச் சுவருக்குள் கண்ணாடிக் கம்பளியைத் திணித்திருந்தால், அது ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கும் என்பதால் அதை அகற்றி, நீரை உட்கொள்ளாத மூடிய துளைகளைக் கொண்ட நுரைவிரிப்பை ஒட்டுவது மேம்பாடுகளில் முதன்மையானது.

மின்சாரத்தில் இரு வேறு அமைப்புகள் ஒரே சுவருக்குள் ஓடுகின்றன: முகாமிடும் இடத்தில் வெளியிலிருந்து இணைக்கப்படும் 230 வோல்ற் ஒன்று, பற்றரியிலிருந்து வரும் 12 வோல்ற் மற்றொன்று. வீட்டு வயரிங் செய்பவர் முதலாவதை அறிவார், வாகன வயரிங் செய்பவர் இரண்டாவதை அறிவார். இரண்டையும் அறிந்தவர் எளிதில் அகப்படுவதில்லை என்பதால் இருவரையும் தனித்தனியே அழைப்பதே நலம். 60 வாற் கருவிக்கு 230 வோல்ற்றில் கால் அம்பியரைச் சற்றே தாண்டிய ஓட்டம் போதும், 12 வோல்ற்றிலோ 5 அம்பியர் வேண்டும். வீட்டுக்குப் பழகியவர் மெல்லிய கம்பியை இழுத்துவிட்டால், விசிறி மெதுவாகச் சுழல்வது முதல் கம்பி உருகித் தீப்பிடிப்பது வரை எதுவும் நிகழலாம். பற்றரிக்கு மிக அருகில் பியூஸ் இருக்கிறதா, 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் பூட்டப்பட்டுள்ளதா, வாகனத்தின் உலோக உடல் நிலத்தொடுப்புக் கம்பியுடன் இணைக்கப்பட்டுள்ளதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்காமல் அந்த வானில் எவரும் உறங்குதல் தகாது. 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி கணக்கின்படி 1,200 வாற்-மணியைக் கொண்டிருந்தாலும், அதன் ஆயுளைக் காக்க அரைவாசியையே பயன்படுத்தலாம். 35 வாற் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 350 வாற்-மணி செலவாகும் என்பதைக் கொண்டு, மன்னாரின் ஓர் இரவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எவரும் கணக்கிடலாம். மாற்றும்போது, சாதாரணச் செப்புக் கம்பிக்குப் பதிலாகப் படகுகளுக்கென விற்கப்படும் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியைப் போடுவது சற்றுச் செலவு கூடியது, ஆனால் பச்சை பூத்த முனைகளை ஆண்டுதோறும் வெட்டி எறியும் வேலை மிச்சமாகும்.

எரிவாயுவைப் பற்றி இலங்கையருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. 2021 இன் இறுதி மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் நிகழ்ந்த எரிவாயு அடுப்பு வெடிப்புகளும், சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் பற்றி எழுந்த விவாதமும் நினைவிலிருந்து மறைந்திருக்க முடியாது. இவ்விரு வாயுக்களும் காற்றைவிடக் கனமானவை, புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும். கசிந்தால் அவை மேலெழாமல் தரையில் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் பெட்டி வாழும் பகுதியிலிருந்து முற்றாக அடைக்கப்பட்டு, அதன் அடியில் வெளிப்புறம் நோக்கிய துளை இருக்கவேண்டும் என்பது எங்கும் விதியாக உள்ளது. மன்னாரில் அந்தத் துளையை மணல் மெல்ல அடைத்துவிடும். உண்மையில் இக்கரையில் வானுக்குள் எரிவாயு தேவைதானா என்பதே ஐயத்துக்குரியது. மடுக் காட்டில் தங்குவோர் தலைமுறைகளாக வெளியில் அடுப்பு மூட்டியே சமைத்திருக்கின்றனர், 2.3 கிலோ சிறு சிலிண்டரைக் காற்று மறைவில் வெளியே வைத்துச் சமைப்பவருக்கு மேற்கூறிய சிக்கல்களில் பெரும்பாலானவை எழுவதேயில்லை.

எடையைப் பற்றி மாற்றியமைப்பாளர்கள் பேசுவது குறைவு. நூறு லீற்றர் நீர் நூறு கிலோ. பலகை, பற்றரி, கூரைச் சட்டம், அதன்மேல் சூரியத் தகடு என ஒவ்வொன்றாகச் சேர்ந்து, தயாரிப்பாளர் அனுமதித்த மொத்த எடையைத் தாண்டிய பின்னரே பிரேக் பிடிக்கத் தாமதமாவது உணரப்படுகிறது. லொறிகளை நிறுக்கும் மேடையில், தாங்கிகளை நிரப்பி, ஆட்களையும் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது ஒரு காலைப்பொழுது வேலை. அப்போதே ரயர்களின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பார்த்துவிடலாம்: 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது; தடம் தேயாதிருந்தாலும் மன்னார் வெயிலில் நின்றே மூப்படைந்த ரயராக அது இருக்கக்கூடும்.

ஆவணங்களின் பரிசோதனையும் ஒரு தொழில்முறைப் பரிசோதனையே. அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துள்ளனவா, லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் இன்னும் நீங்காமல் உள்ளதா என்பன பணம் கைமாறுமுன் பார்க்கவேண்டியவை. எஞ்சின், நிறம், உடலமைப்பு ஆகியவற்றில் செய்யப்பட்ட மாற்றங்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏறவேண்டும். முன்னைய உரிமையாளர் இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை அமைத்ததை எங்கும் பதியாமல் விட்டிருந்தால், காப்புறுதி நிறுவனம் விபத்தின் பின் கேட்கும் முதல் கேள்வியாக அதுவே அமையலாம்.

பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தபின், வேலையை ஒப்படைக்கும் முறையில் கட்டடம் கட்டுவோரின் வழக்கத்தைப் பின்பற்றுவது பொருத்தமானது. என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை நாள் என்பதை எழுதி, பணத்தை வேலை முடியும் கட்டங்களோடு பிணைத்து, சுவர்ப் பலகை மூடப்படுமுன் உள்ளே ஓடும் கம்பிகளையும் குழாய்களையும் படமெடுத்து வைத்தல் வேண்டும். பின்னொரு நாள் திருகாணி ஒன்றைச் செலுத்துபவர் எதைத் துளைக்கப் போகிறார் என்பதை அப்படமே சொல்லும். பற்றவைப்பு வேலை முழுவதும் வயரிங்குக்கு முன்னரும், வயரிங் மர வேலைக்கு முன்னரும் முடியவேண்டும். வேலை முடிந்ததும் முதலில் குறைகளைக் கண்ட அதே பரிசோதகரை மீண்டும் அழைத்து, அவருடைய பட்டியலை அவர் கையாலேயே அடித்துத் தீர்க்கச் செய்தபின், வானை மேடு பள்ளமான வீதியில் ஓடவிட்டு, திரும்பியதும் கதவுகளும் அலமாரிகளும் நீர்க்குழாய் இணைப்புகளும் தளர்ந்துள்ளனவா என்று பார்க்கவேண்டும். கூலியில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதற்கு நல்ல பாஸ்மார் மறுப்புச் சொல்வதில்லை; மன்னாரில் அதைத் தீர்க்கும் தவணையாக நாட்காட்டி மாதத்தைக் குறிப்பதைவிட, வடகீழ்ப் பருவமழையின் முதல் மூன்று பெருமழைகள் கூரையின் மீது பெய்து முடியும் நாளைக் குறிப்பது இருதரப்புக்கும் நியாயமானது.